தலைவர் போனார், குழு போகவில்லை

கே: ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் நிலைத்து நிற்கும் ஜாஸ் குழு ஏதாவது உண்டா? (வாசகர், திருச்சி)

ப: சன் ரா ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதே! 1950களில் சிகாகோவில் பியானோக்காரர் சன் ரா தொடங்கியது. மனிதர் தான் சனிக் கிரகத்திலிருந்து வந்தவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஜிகுஜிகு உடையில் மேடையேறினார், அதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்கியவர்கள் வாசிப்பைச் சரியாகக் கேட்காதவர்கள் என்பேன். குழு 1961இல் நியூயார்க்குக்கு இடம் மாறியது, 1968இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு. அங்கே ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து, நேரம் காலம் பார்க்காமல் ஒத்திகை. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். 1993இல் சன் ரா மறைந்ததும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கில்மோர் பொறுப்பேற்றார், 1995இல் அவரும் போய்விட, அப்புறம் 1950களிலேயே சேர்ந்த மார்ஷல் ஆலன். 2024இல் அவருக்கு வயது 100. தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தை அதற்கு அடுத்த வருடம்தான் வெளியிட்டார்!