ஒரு புள்ளடியா, மூன்று புள்ளடியா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாராளுமன்றத் தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் வாக்குவாதம்தான். பெரிய கட்சியின் கொழும்புப் பட்டியலில் நிற்கும் தமிழ் வேட்பாளருக்கு மட்டும் விருப்பு வாக்குப் போடு, மற்ற இரண்டையும் விட்டுவிடு என்கிறார் அப்பா. மூன்று போடலாம் என்னும்போது ஒன்றோடு நிறுத்துவது வீண் என்கிறான் தம்பி. பெரிய கட்சியே வேண்டாம், நம் ஆட்களின் கட்சிக்கே போடுவோம் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?"

மூன்று பேரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். அப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே போடும் புள்ளடிதான் வாக்கு. அது இல்லாமல் வேட்பாளர் இலக்கங்களில் மட்டும் புள்ளடி இருந்தால் சீட்டு நிராகரிக்கப்படும். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை இந்த வாக்கு தீர்மானிக்கிறது. அந்த ஆசனங்களில் யார் உட்காருவது என்பதை மட்டுமே, வேட்பாளர் இலக்கங்களில் போடும் விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. ஆகவே விருப்பு வாக்கில் உங்கள் வேட்பாளரின் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, அவரோடு ஒரே மேடையில் கைகோத்து நிற்பவர். கொழும்பு மாவட்டத்துக்கு 2024 இல் 18 ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் அதைவிட மூன்று பேரைக் கூட்டி 21 பேரை நிறுத்தியது. ஜோன் கெரி, மத்தியூ ஷுகார்ட் என்ற இரு அரசியல் விஞ்ஞானிகள் 1995 இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகச் சொல்கிறது: பட்டியலுக்குள்ளேயே ஆளைத் தெரிவு செய்ய விடும் முறையில், மாவட்டத்தின் ஆசனங்கள் கூடக்கூட, கட்சியின் பெயரைவிடத் தன் சொந்தப் பெயரை வளர்க்கும் அவசரம் வேட்பாளருக்குக் கூடும். ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் சுவரொட்டி மேல் மற்றவர் ஒட்டுவதற்குக் காரணம் குணக்கேடு மட்டுமல்ல. முறையே அப்படித்தான் தள்ளுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் வேட்பாளருக்கு ஒரு புள்ளடி போட்டு, அதே பட்டியலில் அவரோடு முட்டிக்கொண்டு வரும் இன்னொருவருக்கும் ஒன்று போட்டால், உங்கள் முதல் புள்ளடியை நீங்களே அழித்த மாதிரி. இருவருக்கும் ஒன்று கூடுகிறது, இடைவெளி மாறவில்லை. எப்படியும் வெல்லப்போகிறவருக்கோ, எப்படியும் தோற்கப்போகிறவருக்கோ போட்டால் சேதமில்லை. 2024 இல் தேசிய மக்கள் சக்தியின் ஹரிணி அமரசூரியவுக்குக் கொழும்பில் 6 இலட்சத்து 55 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்குகள் விழுந்தன. அவருக்கு இரண்டாவது புள்ளடி போட்டதால் அந்தப் பட்டியலின் விளிம்பில் நின்ற எவருக்கும் நட்டம் வந்திருக்காது. விளிம்பில் நிற்கும் இன்னொருவருக்குப் போடும்போதுதான் நட்டம்.

ஒரு தனி வாக்காளராக அப்பா சொல்வது சரி. ஆனால் கொழும்புத் தமிழர் எல்லோரும் அப்படியே செய்தால் வேறொன்று நடக்கும். சிங்கள, முஸ்லிம் வேட்பாளர்களோடு இலக்கம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு பட்டியல்களுக்குள் உண்டு: என் ஆட்கள் உங்களுக்கு ஒன்று, உங்கள் ஆட்கள் எனக்கு ஒன்று. நம் பக்கத்திலிருந்து போகாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்தும் வராது. மாத்தறையில் தமிழர் மிகச் சிறு தொகையினர். 2024 இல் அங்கிருந்து சரோஜா சாவித்திரி போல்ராஜ் தெரிவானது சிங்கள மக்கள் போட்ட புள்ளடிகளால்தான். தமிழ் வாக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அப்படி ஒரு வெற்றியை நினைத்தே பார்த்திருக்க முடியாது. ஆகவே உங்கள் வேட்பாளர் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். மெய்யான கூட்டாளி இருந்தால் இரண்டாவது புள்ளடி அவருக்குப் போகட்டும். இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

வயதானவர்கள் சிலர் "மூன்றையும் ஒருவருக்கே போட்டோமே" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. 1977 வரை இருந்த முறையில் மத்திய கொழும்பு மூன்று உறுப்பினர் தொகுதி, மூன்று வாக்கையும் ஒருவருக்கே குவிக்கலாம். சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்கவே அந்த ஏற்பாடு. 1947 இல் அங்கே வென்றவர்கள் ஏ. ஈ. குணசிங்க, பறங்கியரான பீட்டர் கெனமன், மலாயரான ரி. பி. ஜாயா. இன்று குவிக்க முடியாது, ஆளுக்கு ஒரு புள்ளடிதான்.

சரி, அம்மா. இனக் கட்சிகள் எங்கே வெல்கின்றன, எங்கே தோற்கின்றன என்று இந்தியாவில் ஆராய்ந்த கஞ்சன் சந்திரா சொல்வது: மக்கள் முதலில் தலை எண்ணுகிறார்கள், போதுமான தலை இருந்தால்தான் தம் ஆட்களின் கட்சிக்குப் போடுகிறார்கள். நாமும் எண்ணுவோம். ஒரு மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத கட்சியின் வாக்குகள் ஆசனக் கணக்கிலேயே சேராது. (முன்பு இது 12.5 வீதம். 1988 இல்தான் குறைத்தார்கள். சிறிய கட்சிகள் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.) 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து ஏறத்தாழ 11 வீதம். அப்படியென்றால் வெள்ளவத்தை முதல் மட்டக்குளி வரை தமிழரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒரே சின்னத்துக்குப் போட்டால்தான் அந்த வாசலைத் தாண்டலாம். 2024 இல் கொழும்பின் 18 ஆசனங்களில் 14 தேசிய மக்கள் சக்திக்கும் 4 ஐக்கிய மக்கள் சக்திக்கும் போயின, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலில் நின்ற மனோ கணேசன்கூடத் தோற்று, பிறகு தேசியப் பட்டியல் (மாவட்டத்தில் வெல்லாதவரையும் கட்சி நியமிக்கக்கூடிய ஆசனங்கள்) வழியாகத்தான் உள்ளே போனார். அம்மாவின் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் பாராளுமன்றத்துக்கு அது கடினமான வழி.

மாநகர சபைக்கு அம்மா சொல்வது நன்றாகப் பொருந்தும். 2025 இல் கொழும்பு மாநகர சபையின் 117 உறுப்பினர்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேர்தான். மேயரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பு 61க்கு 54 என்று முடிந்தது. அப்படிப்பட்ட சபையில் இரண்டு மூன்று பேர் உள்ள குழுவையும் தேடி வருவார்கள்.

தம்பியின் மூன்று எங்கே சரி என்றால், ஜனாதிபதித் தேர்தலில். அங்கே 1, 2, 3 என்று இலக்கம் எழுதுகிறோம். உங்கள் 1 போட்டியில் இருக்கும்வரை 2ஐ யாரும் எண்ணமாட்டார்கள். அதனால் 2ம் 3ம் உங்கள் முதல் ஆளை ஒருபோதும் பாதிக்காது. மற்றச் சமூகத்தின் இரண்டாம் விருப்பைத் தேடி வேட்பாளர்கள் மிதமாகப் பேசுவார்கள் என்று டொனால்ட் ஹோரோவிட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்த முறையில் நம்பிக்கை வைத்தார்கள். 1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிவு வந்ததால் அந்த நம்பிக்கைக்குச் சோதனையே வரவில்லை. 2024 செப்டம்பரில் வந்தது. முதல் இருவருக்கும் வெளியே போன வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றிலிருந்து அந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்புகள் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மிச்சம் 30 இலட்சம் பேர் கடைசிப் போட்டியில் ஒன்றுமே சொல்லவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளருக்கு விழுந்த 2 இலட்சத்து 26 ஆயிரமும் அந்த 33 இலட்சத்துக்குள்தான். எண்ணும்போது எனக்கு மனம் கனத்தது. இரண்டாவது விருப்புக்கு வேட்பாளர்கள் நம் வாசலுக்கு வரவேண்டுமென்றால், நாம் அதை எழுதுகிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மாவட்ட ஆசனங்கள் மாறும். கொழும்புக்கு 2020 இல் 19 இருந்தது. அடுத்த முறை வீட்டில் கணக்குப் போடுமுன் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவிக்கும் எண்ணைப் பாருங்கள். அப்புறம், உங்கள் வேட்பாளரின் இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். சீட்டில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான்.