ஐயர் இல்லாத கல்யாணம்: நடத்தி வைப்பவரிடம் கேள்வி பதில்

சேலத்திலிருந்து: தோழர், புரோகிதர் இல்லாமல் தமிழில் நடத்தினால் சட்டப்படி செல்லுமா?

செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த தமிழ்நாட்டுத் திருத்தம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும்.

ஈரோட்டிலிருந்து: நடத்தி வைக்க உரிமம் வேண்டுமா?

வேண்டாம். தலைமை தாங்குபவருக்குச் சட்டத்தில் தனி அதிகாரம் எதுவும் இல்லை. மணமக்கள்தான் மணம் செய்துகொள்கிறார்கள். நாம் பார்த்த சாட்சி.

தஞ்சாவூரிலிருந்து: நண்பனின் கல்யாணத்தை நான் நடத்தி வைக்கப்போகிறேன். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

முதலில் காகிதம். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 முடிந்ததற்குச் சான்று பாருங்கள். முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் வேண்டும். மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். முத்திரைத்தாளில் எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள், அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். இருவரிடமும் தனித்தனியே பேசி, சம்மதத்தை அவரவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது உறுதிமொழி. ஆளுக்கு எட்டு வரி தாராளம். வீட்டு வேலை, சம்பளம், இரு வீட்டுப் பெற்றோர் என்று அவர்கள் வாழப்போகிற வாழ்க்கை அதில் வரட்டும். நடுவில் ஒரு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்: "இன்னார் ஆகிய நான், இன்னாரை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்." மணமகளுக்கு "கணவராக". வானம், மழை, நிலா என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த வரியை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பெயரும் இல்லாமல், ஏற்கிறேன் என்ற சொல்லும் இல்லாமல் அது வெறும் கவியரங்கம்.

கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்து இரண்டு பிரதி வையுங்கள். சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் நான்கு சொல்லுக்கு மேல் ஒரு மூச்சில் போகாதீர்கள். பதற்றத்தில் பின்பாதி மறந்துவிடும். மைக் மணமக்கள் வாயருகே இருக்கட்டும், உங்கள் வாயருகே வேண்டாம். வீடியோவில் உறுதிமொழி கேட்கவில்லை என்றால் பின்னாளில் வழக்கு வரும்போது ஒரு நல்ல சாட்சியம் போய்விட்டது.

வரவேற்பு, சுருக்கமான தலைமையுரை, உறுதிமொழி, மாலை, சாட்சிகள் கையெழுத்து, அப்புறம் வாழ்த்துரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வாழ்த்துரையை முன்னால் வைத்தால் பிரமுகர் வரும்வரை மணமக்கள் காத்திருக்க வேண்டும், பந்தியும் காத்திருக்கும். பேச்சாளருக்கு மூன்று நிமிடம். கட்சிக்காரர் என்றால் முன்கூட்டியே இரண்டு என்று சொல்லிவையுங்கள்.

கோவையிலிருந்து: பெண் கிறிஸ்தவர், பையன் இந்து. 7ஏ பொருந்துமா?

பொருந்தாது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான். 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். மேடை விழாவை விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து: மண்டபத்தில் கையெழுத்துப் போட்டால் பதிவு ஆனதுதானே?

இல்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

வேலூரிலிருந்து: தாலி கட்டினால் அது சுயமரியாதைத் திருமணமே இல்லை. நீங்கள் எப்படி அனுமதிக்கிறீர்கள்?

தாலி அடிமைச் சின்னம் என்ற வாதம் எனக்கும் உடன்பாடுதான், தோழர். ஆனால் சட்டமே தாலியை ஒரு வழியாக ஒப்புகிறது. கட்டுவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. என் கொள்கையை அவள் கழுத்தில் கட்ட முடியாது.

மறுபடி வேலூர்: அப்படியானால் ஐயரையே கூப்பிடலாமே?

ஐயர் வந்தால் மந்திரம் அவருடையது. இங்கே பேசுவது மணமக்கள். வித்தியாசம் அதுதான்.

திண்டுக்கல்லிலிருந்து: அம்மா தாலி வேண்டும் என்கிறார், மணமகளுக்கு வேண்டாம். என்ன செய்ய?

மணமகள் சொல்வதைச் செய்யுங்கள்.

கரூரிலிருந்து: தாலி இல்லாவிட்டால் பதிவாளர் கேட்பாரா?

முதல் பதிலை மறுபடி படியுங்கள்.

மதுரையிலிருந்து: ஊருக்குத் தெரியாமல் நான்கு நண்பர்கள் முன்னால் செய்தால்?

செல்லும். பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நால்வரின் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவை மறக்காதீர்கள், 90 நாள்.

நாமக்கல்லிலிருந்து: ராகுகாலத்தில் வைக்கலாமா?

தாராளமாக. மண்டபம் எளிதாகக் கிடைக்கும்.