பழைய சைக்கிள்: எது அசல், எது ஒட்டு? (கேள்வி பதில்)

கும்பகோணம்: தாத்தா ஓட்டிய ராலே. முன்னால் நாரைத் தலை பேட்ஜ் இருக்கிறது. சீமை வண்டிதானே சார்?

பதில்: பேட்ஜை மறந்துவிடுங்கள். இரண்டு ரிவெட் அடித்தால் எந்த பிரேமிலும் ஏறிவிடும். கிராங் அச்சு ஓடும் கூட்டில் கப்பைக் கழற்றி, மரை அளக்கும் கேஜை வையுங்கள். ராலே ரோட்ஸ்டரில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகளில் வழக்கம் 24. 24 வந்தால் பேட்ஜ் பிறகு ஏறியது என்று சந்தேகப்படுங்கள். அடுத்து கம்பிகளை எண்ணுங்கள். முன்சக்கரம் 32, பின்சக்கரம் 40 இருக்க வேண்டும். இரண்டும் 36 என்றால் பெரும்பாலும் சக்கரம் மாறியிருக்கும். பின்னால் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் கிரீஸைத் துடைத்துப் பாருங்கள். வருடமும் மாதமும் பொறித்திருக்கும். '52 3' என்றால் 1952 மார்ச். அது ஹப்பின் தேதி. பிரேமும் மற்ற பாகங்களும் அதோடு ஒத்துப்போனால்தான் வண்டியின் தேதி.

திருவாரூர்: ஹேண்டில்பாரில் நகராட்சி பித்தளை வில்லை, 1956. தயாரித்த வருடமா?

பதில்: இல்லை, வரி கட்டிய வருடம். வண்டி அதற்குப் பிந்தியதல்ல, அவ்வளவுதான். வில்லையைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்.

நாகப்பட்டினம்: உப்புக்காற்றில் துரு ஏறிவிட்டது. சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துரு நீக்குவது) செய்து பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: கூடாது. தங்கக் கோடும் ஸ்டிக்கரும் போய்விடும், லேசாகப் பொறித்த பிரேம் எண்ணும் மழுங்கிவிடும். அவைதான் சாட்சி. நிக்கல், குரோம் பாகங்களை மட்டும் ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லிய பித்தளை பிரஷால் தேயுங்கள். ஸ்டிக்கர் உள்ள இடத்தில் சோப்புத் தண்ணீர் போதும்.

மன்னார்குடி: என்னுடையது மேற்கு வங்காளத்து அசன்சாலில் செய்த சென்-ராலே. டூப்ளிகேட் என்கிறார்கள்.

பதில்: சொன்னவர் தவறு. அது இங்கிலாந்து ராலேயுடன் கூட்டுச் சேர்ந்து நடந்த தொழிற்சாலை. அந்த பிரேமில் இங்கிலாந்து ராலேயின் ஊரான நாட்டிங்காம் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்றால்தான் மோசடி.

தஞ்சாவூர்: சும்மா சமாதானம் சொல்கிறீர்கள். சீமையில் செய்யாதது அசலாகுமா?

பதில்: அசல் என்பது ஊரைப் பொறுத்ததல்ல ஐயா. எங்கே, எப்போது செய்ததாகச் சொல்கிறோமோ, வண்டியும் அதையே சொல்ல வேண்டும். 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஹெர்குலிஸ், அம்பத்தூர் வண்டியாகவே அசல். டெல்டாவில் நெல் மூட்டை சுமந்தவற்றில் இவை எத்தனையோ! மேட் இன் இந்தியா என்ற எழுத்தைச் சுரண்டியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

தஞ்சாவூர்: அப்படியானால் சீமை வண்டிக்கு ஏன் கூடுதல் விலை?

பதில்: விலை என் துறை அல்ல. அசலுக்கும் அரிதானதற்கும் வித்தியாசம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மயிலாடுதுறை: முன் போர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய். ஹம்பரா?

பதில்: ஹம்பர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் அடையாளம் அதுதான். ஆனால் போர்க் தனியாகக் கழன்று வரும் பாகம். பேட்ஜ், செயின்வீல், பிரேம் மூன்றும் ஹம்பர்தானா என்று பாருங்கள். 1932இல் ஹம்பர் சைக்கிள் ராலே கைக்குப் போனது. ராலே பாகம் இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

நீடாமங்கலம்: பவுடர் கோட்டிங் செய்யலாமா?

பதில்: நாகப்பட்டினத்துக்குச் சொன்ன பதிலே.

வேதாரண்யம்: மட்கார்டுக்கு மட்டும் பெயின்ட்?

பதில்: வேண்டாம். தங்கக் கோடு தப்பிப் பிழைப்பதே பெரும்பாலும் மட்கார்டில்தான்.

திருவையாறு: ரிம், ஹேண்டில்பார் எல்லாம் கறுப்பு. யாரோ பெயின்ட் அடித்ததா?

பதில்: நல்ல கேள்வி. சுரண்டாதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது குரோம் பூச்சுக்குக் கட்டுப்பாடு வந்து, பிரிட்டிஷ் வண்டிகள் கறுப்பாகவே வெளிவந்தன. கறுப்பு உரிந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். அடியில் குரோம் மின்னினால் பிற்காலப் பெயின்ட்; வெறும் இரும்பு தெரிந்தால் போர்க்கால வண்டியாக இருக்கலாம். பிரேம் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள்.