வாசகர் கேள்வி: மெக்ஸிகோவின் இசை

கேள்வி: கர்நாடக சங்கீதம் பயின்று, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். மெக்ஸிகோ இசை என்றால் அகன்ற தொப்பி அணிந்த மரியாச்சி குழுக்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே கச்சேரி அரங்குக்கு உரிய மரபு உண்டா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: உண்டு. தாள ஞானம் உள்ள தாங்கள் முதலில் கேட்க வேண்டியது சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸ் (1899–1940) இயற்றிய 'சென்செமாயா'. பாம்பைக் கொல்லும் சடங்கைப் பாடும் கியூபக் கவிஞர் நிக்கோலாஸ் கியேனின் கவிதையிலிருந்து பிறந்து, 1938இல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தெழுதப்பட்ட இப்படைப்பு, பெரும்பகுதியும் ஏழு எண்ணிக்கையில், நான்கும் மூன்றுமாகப் பிரிந்து நடக்கிறது. நம் விலோம சாபுவின் நடை அது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்: அடியில் ஒரே சொற்கட்டு போலச் சிறு தொடர் விடாமல் சுழல, டியூபா என்ற பெரிய பித்தளைக் காற்றுவாத்தியம் கனத்த குரலில் மெட்டை எடுக்கிறது, அதன்மேல் வாத்தியங்கள் ஒவ்வொரு கூட்டமாக வந்து சேர, சுமார் ஏழு நிமிடங்களில் அரங்கமே அதிரும் உச்சத்தை இசை எட்டிவிடுகிறது. நாற்பது வயதில் மறைந்த ஒருவர் இதை விட்டுச்சென்றிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்து, ஹோசே பாப்லோ மொன்காயோவின் 'வாபாங்கோ' (1941). வேராக்ரூஸ் கடற்கரைப் பகுதியின் நாட்டார் பாடல்களை நேரில் சென்று கேட்டு, அவற்றையே ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆக்கியிருக்கிறார். ஆறு எண்ணிக்கை ஒரு கணம் மும்மூன்றாகவும் மறுகணம் இரண்டிரண்டாகவும் மாறுவதைத் தங்கள் மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தத் தலைமுறைக்கு வழிகாட்டியவர் கார்லோஸ் சாவேஸ். பழங்குடி மக்களின் மெட்டுகளில் அமைந்த அவருடைய 'சின்ஃபோனியா இந்தியா'வையும் (பெயரில் உள்ள 'இந்தியா' நம் நாடு அல்ல, அம்மண்ணின் பழங்குடியினரைக் குறிப்பது) விட்டுவிடாதீர்கள்.

மரியாச்சியையும் குறைவாக எண்ண வேண்டாம். ஹலிஸ்கோ முதலிய மேற்கு மாநிலங்களின் கிராமங்களில் வயலின், யாழ், கிட்டார் வகைகளோடு வளர்ந்த தந்தி இசை அது. இன்று அதன் அடையாளமாகிவிட்ட டிரம்பெட், வானொலியும் திரைப்படமும் பரவிய இருபதாம் நூற்றாண்டில்தான் அதில் நிலைபெற்றது. 2011இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: 'பேஸமே முச்சோ' மெக்ஸிகோ பாடலா?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: ஆம். அதை இயற்றிய கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் முறையாகப் பியானோ பயின்ற கச்சேரிக் கலைஞர். 1930இல் மெக்ஸிகோ நகரில் தொடங்கிய எக்ஸ்.இ.டபிள்யூ வானொலி, அகுஸ்தீன் லாரா போன்ற பாடலாசிரியர்களின் பொலேரோ எனப்படும் மெதுநடைக் காதல் பாடல்களை நாடெங்கும் கொண்டுசென்ற காலத்தின் விளைச்சல் இது. எனவேதான் சொல் எளிமையாகவும் மெட்டு இவ்வளவு நுட்பமாகவும் இருக்கின்றன. 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் குரல் தேர்வில் பீட்டில்ஸ் குழுவினர் பாடிய பாடல்களுள் இதுவும் ஒன்று.