ரோடு பைக் வலது பக்கம் விழுந்ததிலிருந்து கியர் தாவுகிறது. மொத்த செட்டையும் மாற்ற வேண்டுமா?

நிறுத்தி வைத்த இடத்தில் சைக்கிள் வலது பக்கமாக விழுந்தது, நடு கியர்கள் தாவுகின்றன, பெரிய பல்சக்கரத்துக்குப் போனால் ஸ்போக்கில் உரசுகிறது, கடையில் ஷிமானோவின் சோரா 9 ஸ்பீடு கியர் செட்டை, ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டரோடு மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு செட் வாங்க வேண்டாம். முதலில் ஹேங்கரைப் பாருங்கள்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டீரெய்லரை, அதாவது ஆர்.டி.யை, ஃப்ரேமோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். சைக்கிள் வலது பக்கம் விழுந்தால் அடி நேராக ஆர்.டி.யில் விழும், வளைவது இது.

எனக்கு இது ஏலகிரியில்தான் புரிந்தது. கோவளத்தில் டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் காற்றில் விழுந்தது. பெரிய கீறல்கூட இல்லை. இரண்டு வாரம் ஈசிஆரில் ஓட்டினேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஈசிஆர் சமதளம், பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு அங்கே வேலையே கிடையாது. ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தால் ஆபத்து அந்தப் பல்சக்கரத்தில்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதில், ஏற்றம் தாங்காமல் கடைசி கியருக்குத் தட்டினேன். ஆர்.டி. ஸ்போக்கில் மாட்டிக்கொண்டது, சுழன்ற சக்கரம் அதை அப்படியே மேலே இழுத்துச் சுருட்டியது. ஹேங்கர் முறிந்து, செயின் முறுக்கி, இரண்டு ஸ்போக் போயிற்று. ஹேங்கர் முறிந்ததால்தான் ஃப்ரேம் தப்பியது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் போனது. உங்களுக்கு வரும் அந்த உரசல் சத்தம் இதே இடத்துக்குத்தான் போகும், அதனால் அந்தப் பல்சக்கரத்தை இப்போது தொடாதீர்கள்.

சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்காருங்கள். பல்சக்கரமும் ஆர்.டி.யின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் ஒன்று ஹேங்கர் வளைந்திருக்க வேண்டும், அல்லது ஆர்.டி.யின் கேஜ், அதாவது அந்தக் குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், முறுக்கியிருக்க வேண்டும். எது என்று அறிய, ஹேங்கர் நிமிர்த்தும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். ஆர்.டி.யைக் கழற்றி அந்தத் துளையில் கருவியைத் திருகி, அதன் நீண்ட கையை ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் வைத்துப் பார்ப்பார். ரிம்முக்கும் கைக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் வளைவுதான். லேசானதை ஒரு முறை நிமிர்த்தலாம். மறுபடி மறுபடி வளைத்தால் அலுமினியம் முறிந்துவிடும், புதிது போடுவதே நல்லது. ஹேங்கர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறுபடும், நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு. பழையதைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். முடிந்தால் இரண்டாக வாங்கி, ஒன்றை சேடில் பையில் போட்டு வையுங்கள்.

கேஜ் முறுக்கியிருந்தால் ஆர்.டி.யை மட்டும் மாற்றினால் போதும். சோரா கிடைக்காவிட்டால் ஷிமானோவின் 8 ஸ்பீடு செட்டான கிளாரிஸின் ஆர்.டி. போடலாம். ஷிமானோவின் 8, 9 ஸ்பீடு ரோடு ஆர்.டி.கள் கேபிளை இழுக்கும் அளவுக்கு ஏற்ப நகரும் அளவு ஒன்றுதான், எத்தனை கியர் என்பது ஷிஃப்டரில் இருக்கிறது. ஆனால் ஷிமானோவின் வேறு மாடல்களான டியாக்ரா 4700, 11 ஸ்பீடு 105 ஆகியவற்றின் ஆர்.டி.கள் உங்கள் ஷிஃப்டரோடு சேராது. இன்னும் விலை கூடியது, நல்லது என்று யாராவது சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஷிஃப்டர் கெட்டதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆர்.டி.யிலிருந்து கேபிளைக் கழற்றி, நுனியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு லீவரைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் கேபிள் ஒரு படி நகர்ந்து நின்றால் ஷிஃப்டர் நன்றாக இருக்கிறது. விழுந்ததில் ரப்பர் உராய்ந்திருப்பது வேறு விஷயம். படி தவறினால் லீவருக்குள் கேபிள் தலைப்பக்கம் இழை இழையாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேபிளையும், அது ஓடும் வெளிக்குழாயான ஹவுசிங்கையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள், செலவு குறைவு. கடலோரம் ஓட்டுபவர் என்றால் உப்புக் காற்றில் உள்ளே துருப்பிடித்திருக்கும். கியருக்கு 4 மி.மீ. ஹவுசிங்தான் வேண்டும். பிரேக் ஹவுசிங்கை வெட்டிப் போட்டால், அதன் உள்ளே சுருள் கம்பி இருப்பதால் இழுக்கும்போது அமுங்கும், கியர் ஒருநாளும் சரியாக நிற்காது.

எல்லாம் பூட்டிய பிறகு, கேபிளை மாட்டும் முன்பே, ஆர்.டி. இரு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட் ஸ்க்ரூக்களைச் சரி செய்யுங்கள். கேபிள் மாட்டியதும் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுபோய், பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கேஜுக்கும் ஸ்போக்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும்.