வகுத்துப் பார்த்தீர்களா? நேர் மாறுபாடு: கேள்வி பதில்

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நேர் மாறுபாடு பற்றி, அதாவது ஒன்று எத்தனை மடங்கானால் மற்றதும் அத்தனை மடங்காவது பற்றி, மட்டும் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி: சமன்பாட்டைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?

ஒய்யைத் தனியாக ஒரு பக்கம் கொண்டு வாம்மா. மறுபக்கம் எக்ஸின் மடங்கு மட்டும் நின்றால் நேர் மாறுபாடு. 2ஒய் − 6எக்ஸ் = 0 என்பது ஒய் = 3எக்ஸ் ஆகும்; சரி. 2ஒய் − 6எக்ஸ் = 4 என்றால் ஒய் = 3எக்ஸ் + 2. அந்த 2 வாலாக ஒட்டிக்கொண்டதால் ஆகாது. வரைபடத்தில் கோடு நேராக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு அச்சுகளும் வெட்டும் ஆதிப்புள்ளி வழியாகவும் போக வேண்டும். அட்டவணை கொடுத்திருந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒய்யை எக்ஸால் வகுத்துப் பார். ஒரே எண் வர வேண்டும்.

ஒரு அப்பா: ஒன்று கூடினால் மற்றதும் கூடும், அவ்வளவுதானே?

பிள்ளைகளைக் கெடுப்பதே இந்த வாக்கியம்தான். வயதோடு உயரமும் கூடுகிறது. ஐந்து வயதில் இருந்த உயரம் பத்து வயதில் இரட்டிப்பாகிறதா? வகுத்துப் பாருங்கள்.

டியூஷன் ஆசிரியை: ஒய் = −4எக்ஸ்? எக்ஸ் கூடினால் ஒய் குறைகிறதே, எதிர் மாறுபாடுதானே?

நேர் மாறுபாடுதான். வகுத்தால் எப்போதும் −4. எதிர் மாறுபாட்டில் மாறாமல் இருப்பது பெருக்கற்பலன்.

சென்னைவாசி: ஆட்டோ மீட்டர் சீராகத்தானே ஏறுகிறது? அது நேர் மாறுபாடு இல்லையா?

நல்ல கேள்வி. 2013-இல் தமிழக அரசு வைத்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ஐந்து கிலோமீட்டருக்கு 63.40. பத்துக்கு அதன் இரட்டிப்பாக 126.80 வர வேண்டும், வருவதோ 123.40. வகுத்தால் முதலில் 12.68, அப்புறம் 12.34. 1.8-ஐத் தாண்டிய பிறகு சமன்பாடு ஒய் = 12எக்ஸ் + 3.40. கோட்டைப் பின்னால் நீட்டினால் ஒய் அச்சை 3.40-இல் வெட்டும். அந்த மூன்று ரூபாய் நாற்பது காசுதான் காரியத்தைக் கெடுக்கிறது.

இன்னொருவர்: மீட்டரே போடுவதில்லையே!

போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள்.

நகைக்கடை ஊழியர்: பவுன் விலையில் செய்கூலி, சேதாரம் சேர்ந்தால் கெட்டுவிடுமா?

சதவீதமாகப் போட்டால் கெடாது, வகுத்தால் வரும் அந்த மாறாத எண், மாறிலி, அதுதான் பெரிதாகும். ஹால்மார்க் கட்டணம்போல உருப்படிக்கு இவ்வளவு என்று சேர்த்தால் கெட்டது.

புதியவர்: ஐயா, ரெண்டும் கூடினா நேர் மாறுபாடுதானே?

மேலே படியுங்கள்.

சென்னைவாசி: ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதே 12 தானே?

நீங்கள் சொல்வது கூடுதல் தூரம், கூடுதல் காசு. 1.8-ஐயும் 25-ஐயும் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்தால் 3.2 கிலோமீட்டருக்கு 38.40, 8.2-க்கு 98.40. இரண்டிலும் வகுத்தால் 12. அது நேர் மாறுபாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறங்கும்போது அந்த 25-ஐயும் சேர்த்துத்தானே கொடுக்கிறீர்கள்?

மற்றொருவர்: சார், ரெண்டும் கூடினா...

வகுத்துப் பாருங்கள்!