மற்றவர்கள் மீது இரக்கம் காட்டுவதற்குப் பின்னால் மறைவான நோக்கம் இருக்குமா?

யாரோ உங்களுக்கு ஒரு தயவு செய்துவிட்டு இப்போது சொல்லிக்காட்டுகிறார் போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது. என்னைக் கேட்டால், பெரும்பாலும் இருக்கும்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தார். ஒரு நாளைக்கு 18 கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். காய்ச்சலோடு மலைக்குப் போன நாளில் 16தான் வரும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், பேர் போடும் கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், பேனாவைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நிற்பார். வரிசையில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த பிறகுதான், "சரி, பாவம், முழுப் பேர் போடுறேன், போ" என்பார். அம்மா கும்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஒரு கட்டு விறகு போகும். அவர் வாய் திறந்து விறகு கேட்டதே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தொழிற்சங்கத்தில் யார் பக்கம் நிற்பது என்ற பேச்சு வந்தாலும் அம்மா முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

எல்லாக் கணக்கப்பிள்ளைமாரும் இப்படியா என்று சண்டைக்கு வராதீர்கள். என் சித்தப்பாவும் கணக்கப்பிள்ளைதான்.

பக்கத்து நிரையில் பறித்த அக்கா ஒருவர், நிறுவைக்கு முன்னால் அம்மாவின் சாக்கில் பேசாமல் இரண்டு கை கொழுந்தைத் திணித்துவிடுவார். அவருக்கும் நோக்கம் உண்டு. அவர் பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் அம்மா திணிப்பார். ஆனால் அங்கே யாரும் யாரையும் கும்பிடவில்லை.

எனக்கு எரிவது வேறு. அந்த 18 கிலோவை வைத்தது யார்? 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்களில் கிலோவையும் ஏற்றினார்கள். போதாததற்குச் சாக்குக்கு, தண்ணீருக்கு என்று நிறுவையில் கழிவு வேறு. எட்ட முடியாத அளவை வைத்துவிட்டு அப்புறம் மன்னிப்பதற்குப் பெயர் இரக்கமா?

இப்போது ஹட்டனில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி முற்பணம் கிடைக்கும் நேரம் கடன் கொப்பியில் சிலருடைய பழைய பாக்கியைக் கொஞ்சம் வெட்டிவிடுவேன். வெட்டாவிட்டால் வெட்கப்பட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதை அவர்களிடமே சொல்லியும் விடுவேன்: "கும்பிடாதீங்கக்கா, தீபாவளிச் சாமானை இங்கேயே வாங்குங்க."